கண்ணால் படிக்கிற பாட்டு

ஒரு இசைத்தட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்பு முழுக்க ஒரே கறுப்பாக இருக்காது. சில வளையங்கள் சாம்பல் பூத்ததுபோல் மினுங்கும், சில வளையங்கள் மை ஊற்றியதுபோல் அடர்ந்து கிடக்கும். பாடகரும் ஊதுகருவிகளும் கிட்டாரும் சேர்ந்து முழங்குகிற இடத்தில் தட்டின் பள்ளம் நெளிந்து நெளிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அதனால் அந்த மினுக்கம். மற்றவர்களெல்லாம் ஓய்ந்து டிரம்காரர் மட்டும் வாசிக்கிற சில நொடிகளில் நெளிவு குறைகிறது, நிறம் மாறுகிறது. பழைய தட்டுக் கடைகளில் தரையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகத் துழாவுகிற டிஜேக்களுக்கு இந்த நிறவேறுபாடு எழுத்து மாதிரி. முள்ளை வைத்துக் கேட்பதற்கு முன்பே, இந்தப் பாட்டின் நடுவில் டிரம் தனியாக வருகிறது என்று கண்ணாலேயே படித்துவிடுவார்கள்.

சோல், ஃபங்க், டிஸ்கோ தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, ராத்திரி முழுக்க ஒரு கூட்டத்துக்குப் போட்டுக்காட்டுகிற இந்தப் பித்தைப் பழமை மோகம் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன் வேர் தட்டின் பௌதிகத்தில் இருக்கிறது. பாட்டு அங்கே ஒரு பொருளாக இருக்கிறது. தொடலாம், பார்க்கலாம், ஒளித்து வைக்கலாம், தொலைக்கவும் தொலைக்கலாம்.

ஒலி என்பது காற்றின் அழுத்தம் கூடிக் குறைவது. அந்த ஏற்ற இறக்கத்தை மின்னாக்கி, சூடேற்றிய ஒரு வெட்டுமுனைக்குக் கொடுக்கிறார்கள். மெருகு பூசிய அலுமினியத் தகடு சுழலும். முனை வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரே சுருளாகப் பள்ளம் வெட்டிக்கொண்டே போகும். காற்று எப்படி ஆடியதோ அப்படியே பள்ளமும் பக்கவாட்டில் ஆடும். பிறகு அந்தத் தகட்டின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு, அதன்மேல் நிக்கல். பிரித்தெடுத்தால் பள்ளம் மேடாக மாறிய அச்சு கிடைக்கும். இரண்டு அச்சுகளுக்கு நடுவில் சூடான பிவிசியை வைத்து நசுக்கினால் தட்டு தயார்.

அதற்கு முந்தைய தலைமுறைத் தட்டுகள் பிவிசி அல்ல. 78 சுற்று வேகத்தில் ஓடிய அந்தக் கனத்த தட்டுகளை ஒட்டிப் பிடித்தது அரக்கு. புரசு மரத்திலும் இலந்தை மரத்திலும் வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் கக்கும் அதே அரக்குதான். உலகத்துக்கே அதில் பெரும்பங்கு போனது இந்தியாவிலிருந்து. நியூயார்க்கில் பதிவான ஒரு ஜாஸ் பாட்டை நம் காட்டுப் பூச்சி தாங்கிக்கொண்டிருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு வரும். இரண்டாம் உலகப்போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. வினைல் அந்த இடத்தைப் பிடிக்க அது ஒரு தூண்டுதல். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஆர்சிஏ விக்டர், நடுவில் பெரிய துளையுடன் 7 அங்குலத் தட்டை இறக்கியது. நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசை உலகம் சுற்றியது பெரும்பாலும் இந்தச் சிறு தட்டில்தான்.

ஒரு பக்கத்தில் எத்தனை பள்ளம் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நூறு, ஆயிரம் என்பார்கள். ஒன்றே ஒன்றுதான். மூன்று நிமிடப் பாட்டுக்கு 45 சுற்று வேகத்தில் தட்டு 135 தடவை சுற்றுகிறது. சுருளை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 60 மீட்டர். அகலமோ ஒரு தலைமயிரின் பருமன். அந்த மயிரிழைக்குள் வைரமுனை ஒன்று இறங்கி, இருபக்கச் சுவர்களும் தள்ளத் தள்ள ஆடிக்கொண்டே நடக்கிறது. முனையோடு இணைந்த குட்டிக் காந்தமும் சேர்ந்து ஆட, பக்கத்திலிருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சைக்கிள் டைனமோவின் தத்துவமேதான். டைனமோ விளக்கு எரிக்கும். இதுவோ சில மில்லிவோல்ட் மட்டும் தரும். அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கினால் டெட்ராய்ட்டில் 1965இல் ஒருவர் விட்ட மூச்சு நம் அறைக்குள் கேட்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே வலுவில் ஒலிக்க வேண்டுமானால், சுருதி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு அகலமாகப் பள்ளம் ஆட வேண்டும். நொடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலிக்கு வேண்டிய அசைவைவிட, 50 அதிர்வுள்ள பேஸ் கிட்டாருக்கு 20 மடங்கு அகலம் வேண்டும். அப்படியே வெட்டினால் பள்ளம் பக்கத்துச் சுற்றை இடித்துவிடும், முள்ளும் துள்ளி வெளியே விழும். ஆகவே வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளை அமுக்கி, உயர்ந்த ஒலிகளைத் தூக்கிவிடுகிறார்கள். நொடிக்கு 20 அதிர்வுள்ள ஒலி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கேட்கும் கருவி அதை அப்படியே தலைகீழாக்கி மீட்டுத் தரும். 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் இதற்கென ஒரு பொது அளவை வகுத்துக்கொண்டது. இன்றும் அதுதான் நடப்பு.

அமுக்கினாலும் பேஸ் இடம் கேட்கும். தட்டு என்பது ஒரு கிரவுண்ட் மனை மாதிரி. நீளமான பாட்டு, பெரிய சத்தம், கனத்த பேஸ் மூன்றையும் 7 அங்குலத்துக்குள் கட்ட முடியாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும். வானொலிக்கு மூன்று நிமிடம் போதும். ஆடுகிற கூட்டத்துக்கு அது போதவே போதாது. உடம்பு தாளத்துக்குள் இறங்குவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

இந்த முடிச்சு அவிழ்ந்தது ஒரு தற்செயலால். 1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்ட்டன் என்பவர் ஆட்டக் கூடங்களுக்காகப் பாட்டுகளை நீட்டி மறுகலவை செய்துகொண்டிருந்தார். ஒரு நாள், அல் டவுனிங் பாடிய பாட்டு ஒன்றுக்குச் சோதனைத் தட்டு வெட்ட, ஹோசே ரொட்ரிகஸ் என்ற பொறியாளரிடம் போனார். 7 அங்குல வெற்றுத் தகடு தீர்ந்துவிட்டது. இருந்தது 10 அங்குலம். பெரிய தகட்டின் ஓரத்தில் சின்னப் பாட்டு ஒரு பட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்பது மோல்ட்டனுக்குப் பிடிக்கவில்லை. பள்ளங்களை விரித்து வெட்டச் சொன்னார். விரித்தால் ஒலியளவையும் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் ரொட்ரிகஸ். ஏற்றினார்கள். போட்டுக் கேட்டபோது, அதே பாட்டு அதுவரை யாரும் கேட்டிராத ஆழத்தோடும் வீச்சோடும் வந்தது. அடுத்த தடவை நேராக 12 அங்குலத்துக்கே போய்விட்டார்கள்.

காரணம் எளிது. சுற்றுகளுக்கு நடுவே இடம் இருந்தால் பேஸ் கைகால் நீட்டிப் படுக்கலாம். இன்னொன்றும் உண்டு. 12 அங்குலத் தட்டு 33⅓ வேகத்தில் சுழலும்போது, வெளிவிளிம்பில் ஒரு நொடி இசை அரை மீட்டர் நீளத்தில் விரிந்து கிடக்கிறது. லேபிளை நெருங்கும்போது அதே ஒரு நொடியை 20 சென்டிமீட்டர் சொச்சத்துக்குள் திணிக்க வேண்டும். நெருக்கி எழுதிய கையெழுத்தைப் படிப்பதுபோல் முள் அங்கே திணறும். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்றானதும் பாட்டு பெரும்பாலும் வெளியே, விசாலமான இடத்தில் நின்றுகொண்டது. 1976இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாட்டை வால்ட்டர் கிப்பன்ஸ் என்ற டிஜேயின் கலவையில், ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் 12 அங்குலத் தட்டாகக் கடைக்கு அனுப்பியது. பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குலத் தனிப்பாட்டு அது. ஒரு இசை வடிவத்துக்கே ஒரு தகட்டுத் தட்டுப்பாடு வழிவிட்டிருக்கிறது.

அதே நியூயார்க் நகரத்தின் வடக்கே, பிராங்க்ஸில், கையில் காசில்லாத இளைஞர்கள் வேறொரு வழி கண்டிருந்தார்கள். ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்பல், அதாவது டிஜே கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தில் தன் தங்கை நடத்திய விருந்துக்குத் தட்டுப் போட்டார். ஹிப்-ஹாப் பிறந்த நாளாக இன்று கொண்டாடுவது அந்த நாளைத்தான். பாட்டில் டிரம் தனியாக வரும் இடத்துக்காகவே ஆட்டக்காரர்கள் காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். 'பிரேக்' என்கிற அந்தத் துண்டு சில நொடிதான். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வாங்கி, ஒன்றில் பிரேக் முடியும் நேரத்தில் மற்றதில் தொடங்கவைத்து, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார். சில நொடி பல நிமிடமாயிற்று.

கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அதை நுட்பமாக்கினார். அவர் தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். தட்டைக் கடிகார முகமாகப் பார்த்து, பிரேக் தொடங்கும் இடத்தில் கிரேயானால் கோடு போட்டுக்கொண்டார். எத்தனை சுற்றுப் பின்னால் தள்ள வேண்டும் என்று கண் எண்ணிச் சொல்லும். தட்டு கையோடு நிற்க, அடியிலிருக்கும் மேடை மட்டும் சுற்ற வேண்டும். அதற்கு ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டிப் போட்டுப் பார்த்தார். துணி தொளதொளத்தது. தையல் தெரிந்த அம்மாவிடம் பார்த்தது நினைவுக்கு வந்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கினார். இன்று உலகத்து டிஜேக்கள் எல்லாரும் தட்டுக்கடியில் விரிக்கிற துணியின் கதை இது.

கருவியும் ஈடுகொடுத்தது. மோட்டாரிலிருந்து ரப்பர் பட்டை வழியாகச் சுழலும் கருவிகளில் கை வைத்தால் பட்டை வழுக்கும், வேகம் மீள நேரமாகும். ஜப்பானின் டெக்னிக்ஸ் 1972இல் கொண்டுவந்த எஸ்எல்-1200 கருவியில் பட்டையே இல்லை. மேடையின் அச்சோடு மோட்டார் நேராக இணைந்திருந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, நின்ற நிலையிலிருந்து 0.7 நொடியில் முழு வேகம் பிடித்தது. பக்கத்திலுள்ள தள்ளுகட்டையால் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு பாட்டுகளின் தாளத்தை ஒன்றோடொன்று பூட்ட அது போதும். ஆனால் தட்டில் வேகமும் சுருதியும் ஒட்டிப் பிறந்தவை. 6 விழுக்காடு வேகம் கூட்டினால், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடுவார். எந்தக் குரல் எவ்வளவு தாங்கும் என்பதை டிஜேயின் காதுதான் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது தட்டைக் கையாளும் கலை. தட்டைத் தேடும் கலை உச்சம் தொட்டது அமெரிக்காவில் அல்ல, வட இங்கிலாந்தின் ஆலை ஊர்களில்.

1960களின் கடைசியில் அமெரிக்காவில் ரசனை ஃபங்க் பக்கம் நகர்ந்துவிட்டது. மான்செஸ்டர், விகன் பக்கத்து இளைஞர்களுக்கோ, டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனப் பாணியில் அடித்து நொறுக்கும் அந்த 1965ஆம் ஆண்டு வேகம்தான் வேண்டியிருந்தது. புதிதாக அப்படி யாரும் பாடவில்லை. என்ன செய்வது? பழையதில் எவருமே கேட்டிராததைத் தோண்டி எடுப்பதுதான் ஒரே வழி. அமெரிக்காவின் நகரம்தோறும் சின்னச் சின்ன நிறுவனங்கள் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, விற்காமல், கிடங்கில் போட்டு மறந்திருந்தன. அந்தத் தோற்றுப்போன தட்டுகள் வட இங்கிலாந்தின் புதையல் ஆயின. லண்டனில் சோல் சிட்டி என்ற கடை வைத்திருந்த டேவ் காடின், வடக்கிலிருந்து கால்பந்து பார்க்க வந்து தட்டு வாங்குகிறவர்களின் ரசனை தனி என்று கண்டு, அதை 'நார்தர்ன் சோல்' என்று அழைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

விகன் கேசினோ அரங்கில் 1973 செப்டம்பரில் தொடங்கிய இரவாட்டம், பின்னிரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை நடக்கும். மது கிடையாது. வாரம் முழுக்க ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள் மாற்றுடை வைத்த பையோடு வருவார்கள். சுழன்று ஆட வசதியாக மரத்தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். டால்க் என்னும் கனிமம் அடுக்கடுக்கான மெல்லிய ஏடுகளால் ஆனது. ஏடுகளுக்கு நடுவே பிணைப்பு மிகப் பலவீனம் என்பதால், காலடியில் ஏடு ஏட்டின்மேல் வழுக்கி உராய்வைக் குறைக்கிறது. குழந்தையின் தோலுக்குப் போடும் பொடி அங்கே நடனத்துக்கு எண்ணெய்.

அந்தத் தரைக்குத் தீனி போட டிஜேக்கள் அட்லாண்டிக் கடல் தாண்டினார்கள். 1973இல் ரிச்சர்ட் சியர்லிங் என்ற டிஜே, பிலடெல்பியாவில் ஒரு பழைய தட்டை வாங்கினார். குளோரியா ஜோன்ஸ் பாடியது. 1965இல் ஒரு தனிப்பாட்டின் பின்பக்கமாக வந்து யார் காதிலும் விழாமல் போனது. பெயர் 'டெய்ன்டட் லவ்'. இரவாட்டங்களில் அது பற்றிக்கொண்டது. அந்த உலகத்தின் காற்றைச் சுவாசித்த சாஃப்ட் செல் என்ற இருவர் குழு அதை மின்னணுக் கருவிகளில் மறுபடி பாட, 1981இல் பிரிட்டனில் முதலிடம். அந்தத் தட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்திருந்தால் அந்த வெற்றிக்கு வழியேது?

இன்னொரு தட்டின் கதை இதைவிட விசித்திரம். 1965இல் மோடவுனின் 'சோல்' என்ற துணை முத்திரையில் ஃபிராங்க் வில்சன் 'டூ ஐ லவ் யூ' என்று ஒரு பாட்டுப் பாடினார். தட்டும் அச்சானது. ஆனால் வில்சன் பாடகராக இருப்பதைவிடத் தயாரிப்பாளராக இருப்பதைத் தேர்ந்துகொண்டார். பிரதிகள் கடைக்குப் போகாமலே அழிக்கப்பட்டன. பின்னாளில் ஃபோர் டாப்ஸ், எடி கெண்ட்ரிக்ஸ் போன்றவர்களுக்கு வெற்றிப் பாட்டுகள் செய்து கொடுத்தார்.  அழிவிலிருந்து தப்பியவை விரல்விட்டு எண்ணும் பிரதிகள். அதில் ஒன்று 1970களில் இங்கிலாந்து வந்து சேர்ந்து ஆட்டக்களத்தையே அதிரவைத்தது. 1979இல் பிரிட்டனில் முறையாக மறுவெளியீடு கண்டது. மூலப் பிரதி ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. 2020இல் ஒரு பிரதியின் விலை ஒரு லட்சம் பவுண்டைத் தொட்டது.

ஆனால் முதலில் அது இங்கிலாந்தில் ஒலித்தபோது பாடகர் பெயர் எடி ஃபாஸ்டர் என்று சொல்லிவைத்தார்கள். அபூர்வத் தட்டு கிடைத்தால் லேபிளை மறைத்து ஒட்டி, பொய்ப் பெயர் சூட்டுவது அங்கே வழக்கம். போட்டி டிஜே கண்டுபிடித்து வாங்கிவிடக் கூடாதே! பிராங்க்ஸில் ஹெர்க் தண்ணீரில் ஊறவைத்து லேபிளையே உரித்துவிடுவார். தேடலின் உழைப்பை நான் மதிக்கிறேன். அலைந்து கண்டவருக்குக் கொஞ்ச காலம் அதன் பெருமை கிடைப்பதும் நியாயம்தான். ஆனால் பாடியவரின் பெயரை மறைப்பது சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. பாட்டை மீட்டுவிட்டுப் பாடியவரைத் தொலைப்பது பாதி மீட்புதான்.

அதனால்தான் டேவிட் மன்கூசோ என் மனத்துக்கு நெருக்கமானவர். 1970 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் பிராட்வேயில் தன் வீட்டிலேயே அவர் தொடங்கிய ஆட்ட விருந்துக்குப் பின்னாளில் 'லாஃப்ட்' என்று பெயர் வந்தது. மது விற்பனை இல்லை, அழைப்பின் பேரில் வரவேண்டும். மிக நல்ல ஒலிக்கருவிகளை வைத்து, பாட்டை வெட்டாமல் ஒட்டாமல் முதலிலிருந்து கடைசிவரை போடுவார். கேமரூன் நாட்டு மனு டிபாங்கோவின் 'சோல் மகோசா' தட்டை புரூக்ளினில் ஒரு கடையில் கண்டெடுத்து அவர் போட, கேட்டவர்கள் தட்டுக்கு அலைந்தார்கள். இருந்த பிரதிகள் தீர்ந்து, 1973இல் அமெரிக்க வெற்றிப் பட்டியலுக்கே அது ஏறியது. 1975இல் டிஜேக்கள் சிலரோடு சேர்ந்து ஒரு தட்டுக் கூட்டமைப்பை அமைத்தார். நிறுவனங்கள் புதுத் தட்டுகளை அங்கே அனுப்பும், எல்லா டிஜேக்களுக்கும் சமமாகப் போகும், ஆட்டக்காரர்களுக்கு எது பிடித்தது என்ற செய்தி நிறுவனங்களுக்குத் திரும்பும். ஒளிப்பதற்கு நேர் எதிர்த் திசை அது.

பெயர் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவரைச் சொல்ல வேண்டும். 1969இல் வின்ஸ்டன்ஸ் குழு ஒரு தனிப்பாட்டின் பின்பக்கமாக 'ஏமன், பிரதர்' என்ற வாத்திய இசையைப் பதிந்தது. அதன் நடுவில் டிரம்காரர் கிரெகரி கோல்மன் ஏழு நொடிபோலத் தனியாக வாசித்தார். 1980களில் பிரேக் தொகுப்புத் தட்டு ஒன்றில் அந்தத் துண்டு சேர்ந்தது. அங்கிருந்து ஹிப்-ஹாப்புக்கும், லண்டனின் ஜங்கிள் இசைக்கும், ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கும் அது முதுகெலும்பாயிற்று. உலகத்தில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட டிரம் வாசிப்புகளில் ஒன்று. கோல்மன் 2006இல் இறந்தார். அந்த ஏழு நொடிக்காக ஒரு காசும் அவருக்கு வரவில்லை.

நம் வீடுகளிலும் பரணில் தட்டுகள் கிடக்கின்றன: படப் பாட்டு, நாதஸ்வரம், நாடகம். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் வெயில் ஏறும் பரணிலிருந்து உடனே இறக்குங்கள். சூட்டில் வினைல் இளகி வளைந்துவிடும். அரக்குத் தட்டு கைதவறினால் ஓடுபோல் நொறுங்கும். லேபிளில் இருக்கும் பாடகர், வாத்தியக்காரர் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு, தட்டு ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் உட்காரவைத்துப் போட்டுக் கேளுங்கள்.